டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார்: பிரசவ விடுதியிலிருந்து பல்கலைக்கழகத் தலைமை வரை

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், ஆலோர் காஜா, மஸ்ஜித் தானா முதலிய ஊர்களிலும், மலாக்கா நகரத்திலும் கடை நடத்திவரும் நம் வியாபாரப் பெருமக்கள் பலருடைய இல்லங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. மகள் எஸ்.பி.எம். தேர்வில் விஞ்ஞானப் பாடங்களில் நல்ல புள்ளிகள் வாங்கியிருக்கிறாள். தாதியர் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். தாய் அரை மனதாகச் சம்மதிக்கிறாள். தகப்பனார் கல்லாவில் அமர்ந்து யோசிக்கிறார். இரவு வேலையாயிற்றே, பிறர் நோயைத் தொட்டுச் செய்யும் வேலையாயிற்றே, ஆசிரியை உத்தியோகத்துக்குப் போனால் கௌரவமாக இருக்குமே என்று அவர் மனம் இரண்டுபடுகிறது.

இந்த விஷயத்தில் யாருக்கும் உபதேசம் செய்ய நாம் விரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். பிரசவ விடுதியில் தாய்மார்களின் கட்டிலருகே நின்று தம் தொழிலைக் கற்று, மருத்துவ மாணவர்களுக்கு அதைக் கற்பித்து, பின்னர் தென்னாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டுகள் தலைமை வகித்த டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அவர்களே அப் பெரியவர். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் அவர் வாழ்க்கையில் நமக்கு வேண்டிய பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை.

தோட்டத்துக் கணக்குப் புத்தகம்

அவர் கதையைத் தொடங்குமுன் நம் ஊர்க் கதை ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சம்பள நாளன்று கித்தாத் தோட்டங்களுக்குச் சென்று வியாபாரம் செய்த நம் முன்னோர்கள் அறிந்த கதை அது. லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கும். புருஷன் கடைக்கு வந்து மருந்துச் சாமான்களையும் நல்லெண்ணெயையும் குழந்தைக்கு வெள்ளைத் துணியையும் கடனாக எழுதச் சொல்லி வாங்கிப் போவான். பிரசவம் லயத்திலேயே நடக்கும். அனுபவமுள்ள கிழவி ஒருத்தி கூட இருப்பாள். நிலைமை கெட்டுவிட்டால் டிரஸரை அழைப்பார்கள். அதற்கும் மிஞ்சினால் தோட்டத்து லாரியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். மறு மாதம் அதே புருஷன் தனியே வந்து தலை குனிந்து நிற்பான். கடைக்காரர் விவரம் கேட்கமாட்டார். கணக்குப் புத்தகத்தில் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடுவார்.

இந்தத் துயரம் மலாக்காத் தோட்டங்களுக்கு மாத்திரம் உரியதன்று. அந்தத் தொழிலாளர்கள் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. உதிரப் போக்கு, பிரசவ ஜன்னி, அழுக்குக் கையினால் வரும் காய்ச்சல், இரத்தக் குறைவு ஆகிய இவைதாம் தாய்மார்களைக் கொண்டுபோயின. இவற்றிலே பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை. சோப்புப் போட்டுக் கழுவிய கையும், கொதிக்கவைத்த கருவியும், காலத்தில் அபாயத்தைக் கண்டுகொள்ளும் கண்ணும் இருந்தால் போதும். அக் கண்ணும் கையும் பயிற்சியினால் வருபவை. முதலியார் அவர்கள் தம் வாழ்நாளின் முற்பகுதியைச் செலவிட்டது அந்தப் பயிற்சியிலேதான்.

இரட்டையர்

1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி, அந்நாளில் சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்த கர்நூல் நகரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்திலே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒருவர் ராமசாமி, மற்றவர் லட்சுமணசாமி. இதிகாசச் சகோதரர்களின் பெயரையே பெற்றோர் இட்டனர். இருவரும் கர்நூலிலே பள்ளிப் படிப்பை முடித்து, 1903ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தனர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே பயின்றனர். அதன் பிறகே அவர்கள் பாதைகள் பிரிந்தன.

ராமசாமி சட்டம் படித்து வழக்கறிஞரானார். நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவராக விளங்கினார். வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் பின்பு மைசூர் சமஸ்தானத் திவானாகவும் பணியாற்றினார். 1946ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. லட்சுமணசாமியோ சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒருவர் மேடைக்கும் மன்றத்துக்கும் சென்றார். மற்றவர் ஆஸ்பத்திரி வார்டுக்குச் சென்றார். வீட்டிலே ஒரு மகனின் வழி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதாலேயே மற்றப் பிள்ளையின் வழி தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு இந்த இரட்டையரே சாட்சி.

எழும்பூர் ஆஸ்பத்திரியில்

மருத்துவத்திலே அவர் தேர்ந்துகொண்ட பிரிவு மகப்பேறு. அக் காலத்தில் அது கௌரவமான தேர்வாக எல்லோராலும் கருதப்பட்டதன்று. அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு இருந்த மதிப்பு, பிரசவம் பார்ப்பவருக்கு இருக்கவில்லை. பிரசவம் என்றால் பெண்கள் பார்த்துக்கொள்ளும் காரியம், அதிலே படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியவர்களே அதிகம். நன்கு படித்த ஓர் ஆண் மகன் அந்தத் துறைக்குப் போவதைக் கண்டு புருவத்தை உயர்த்தியவர்கள் இருந்திருப்பார்கள் என்று நாம் எளிதில் ஊகிக்கலாம்.

சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கப் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி பழம்பெருமை வாய்ந்தது. 1844ஆம் ஆண்டில் பிரசவ விடுதியாகத் தொடங்கப் பெற்றது அது. பத்து ஆண்டுகளுக்குள், அதாவது 1854ஆம் ஆண்டில், சென்னையில் மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சிப் பள்ளி ஏற்படுத்த அரசாங்கம் அனுமதி வழங்கியது. நோயாளிகளைப் பராமரிக்கும் தாதியருக்குச் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடங்கியது 1871ஆம் ஆண்டில். ஆகவே தாதிப் பயிற்சியிலே இந்தியாவில் முன் நடந்த நகரங்களில் சென்னையும் ஒன்று.

எழும்பூர் ஆஸ்பத்திரியின் தலைமைப் பதவி நெடுங்காலம் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் வசமே இருந்துவந்தது. அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியர் லட்சுமணசாமி முதலியார். 1930களின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராகவும் அவரே வந்தார். இரண்டு கதவுகளையும் திறந்தது அவருடைய தொழில் திறமையே.

கற்பிப்பதில் அவருக்கு இருந்த அக்கறைக்கு அவர் எழுதிய பாடநூலே சான்று. மகப்பேறு மருத்துவம் பற்றிய அந்த நூல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவரை நம் மாணவர்கள் சீமைப் புத்தகங்களையே நம்பியிருந்தனர். சீமைப் பெண்ணின் உடல்வாகு வேறு, உணவு வேறு, அவள் டாக்டரிடம் வரும் காலமும் வேறு. நம் நாட்டுத் தாயோ இரத்தமின்றி வெளுத்து, இரண்டு நாள் வேதனைக்குப் பிறகு, மாட்டு வண்டியிலே கொண்டுவரப்பட்டு வாசலில் கிடத்தப்படுகிறவள். நம் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கையினால் எழுதப்பட்டதே அப் புத்தகத்தின் சிறப்பு. அவருடைய மாணவர் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனோனுடைய பெயரும் சேர்ந்து, இருவர் பெயராலும் அந்நூல் தலைமுறை தலைமுறையாகத் திருத்தப் பதிப்புகள் கண்டது. ஆசிரியர் மறைந்த பின்னும் புத்தகம் வகுப்பறையில் நின்றது.

திரை மறைவிலிருந்த பெண்கள்

இந்த இடத்தில் நம் சமூகத்தைத் தொட்ட ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண் டாக்டரிடம் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பாத பெண்கள் சென்னையில் ஏராளமாக இருந்தனர். கோஷா முறையை அனுசரித்த முஸ்லிம் பெண்கள் அவர்களில் முக்கியமானவர்கள். 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், பின்னர் 1885ஆம் ஆண்டில் இத்தகைய பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாயிருந்தார். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் வழங்கியது அதுவே. இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்ற பெயரால் விளங்குகிறது.

இதிலே நாம் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்ணைப் பெண்ணே கவனிக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அந்த விருப்பத்தில் குற்றமில்லை. ஆனால் அவ்வாறு கவனிக்கும் பெண் வானத்திலிருந்து வருவதில்லை. யாரோ ஒரு தகப்பனார் தம் மகளைப் படிக்கவைத்தார்; இரவு வேலைக்கு அனுப்பினார்; ஊரார் பேச்சைப் பொறுத்துக்கொண்டார். அதனால்தான் நம் மகள் பிரசவ அறையில் படுத்திருக்கும்போது அவள் கையைப் பிடிக்க ஒரு பெண் இருக்கிறாள். மற்றவர் மகள் நமக்குத் தாதியாக வேண்டும், நம் மகள் யாருக்கும் தாதியாகக் கூடாது என்பது வியாபார நியாயத்துக்கும் ஒவ்வாத கணக்கு. வரவு மாத்திரம் எழுதிப் பற்று எழுதாத பேரேடு எந்தக் கடைக்கு உதவும்?

துணைவேந்தர் பதவி

1942ஆம் ஆண்டை மலாக்காவாசிகள் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது; அடுத்த மாதம் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ஊருக்குக் கடிதமும் பணமும் போவது நின்றது. கடலுக்கு அப்பால் சென்னையிலும் குண்டு விழுமோ என்ற பீதியால் ஜனங்கள் நகரத்தைக் காலி செய்து ஓடினர். அந்தக் கலவரமான ஆண்டிலேதான் லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

அவருக்கு முன் அப்பதவியை 1940 முதல் வகித்தவர் சர் முகம்மது உஸ்மான் சாகிப் அவர்கள் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தஞ்சாவூரில் பிறந்து, யூனானி வைத்தியத்திலே தேர்ந்து, 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்குத் தற்காலிகக் கவர்னராகவும் இருந்த பெருமகனார் அவர். 1920களில் சுதேச வைத்திய முறைகளை ஆராய்ந்த கமிட்டிக்கும் அவரே தலைவர். வைஸ்ராயின் நிர்வாக சபைக்கு அவர் செல்ல, நாற்காலி முதலியாரிடம் வந்தது. யூனானி வைத்தியர் எழுந்த ஆசனத்தில் மகப்பேறு வைத்தியர் அமர்ந்தார்.

அப்போது முதலியாருக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அக்காலச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பென்ஷன் வாங்கி வீட்டுக்குப் போகும் வயது அது. மற்றவர்கள் கடையை மூடும் நேரத்தில் அவர் புதுக் கடை திறந்தார் என்று நம் பாஷையில் சொல்லலாம். 1969ஆம் ஆண்டு வரை, தொடர்ந்து 27 ஆண்டுகள், அப் பதவியில் இருந்தார். அப் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு காலம் துணைவேந்தராயிருந்தவர் வேறு ஒருவருமில்லை. 1857ஆம் ஆண்டில் தோன்றிய அந்த ஸ்தாபனம் 1957இல் நூற்றாண்டு விழாக் கண்டதும் அவர் காலத்திலேதான்.

அவருடைய காலத்தில் நடந்தவற்றுள் நம் தலைப்புக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் தாதியர் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1946ஆம் ஆண்டில் அங்கே தாதியர் கல்லூரி ஏற்பட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்துக்குப் பெண்கள் படிக்கலாயினர். அதே ஆண்டில் டில்லியிலும் இத்தகைய கல்லூரி தோன்றியது. இந்தியாவில் தாதித் தொழில் பட்டப் படிப்பாக உயர்ந்தது இவ்விரண்டு இடங்களிலேதான். அதுவரை தாதிக்குக் கிடைத்தது பயிற்சிச் சான்று. இனிமேல் கணிதத்துக்கும் ரசாயனத்துக்கும் பட்டம் தரும் அதே பல்கலைக்கழகம் தாதிக்கும் பட்டம் தரும். பிரசவ விடுதியின் இரவுகளை அறிந்த ஒருவர் துணைவேந்தராக இருந்த காலத்தில் இது நிகழ்ந்தது பொருத்தமே.

43,000 பேருக்கு ஒரு தாதி

தாதியர் பஞ்சம் எவ்வளவு என்பதை முதலியார் புள்ளி விவரமாகவே கண்டவர். 1943ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் தலைமையில் இந்திய அரசாங்கம் நியமித்த சுகாதாரக் கமிட்டியில் அவரும் ஓர் அங்கத்தினர். 1946ஆம் ஆண்டில் வெளியான அக் கமிட்டியின் அறிக்கை நாட்டின் நிலைமையை அளந்து காட்டியது. இந்தியாவில் சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார். தாதியோ 43,000 பேருக்கு ஒருவர். மருத்துவச்சி 60,000 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒரு தாதி இருந்த காலம் அது. டாக்டர் பற்றாக்குறையைக் காட்டிலும் தாதிப் பற்றாக்குறை பன்மடங்கு பெரியது என்பதை இக் கணக்கு வெளிப்படுத்தியது.

நாடு விடுதலை பெற்று 12 ஆண்டுகளுக்குப் பின், 1959ஆம் ஆண்டில், இடைக்காலத்தில் என்ன முன்னேற்றம் நடந்தது என்று ஆராய இன்னொரு கமிட்டி அமைந்தது. அதற்கு முதலியாரே தலைவர். 1961ஆம் ஆண்டில் அது அறிக்கை சமர்ப்பித்தது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று 40,000 பேருக்கு மேல் கவனிக்கும்படி விடலாகாது; புதிய நிலையங்களைப் பெருக்குமுன் இருக்கின்றவற்றைச் செம்மை செய்ய வேண்டும்; ஜில்லா ஆஸ்பத்திரிகளைப் பலப்படுத்த வேண்டும் என்பவை அதன் முக்கிய யோசனைகள். தாதியரைப் பற்றியும் தெளிவாக வகுத்தது. முழுப் பயிற்சி பெற்ற தாதியர், கிராமங்களில் பணிபுரியும் துணைத் தாதி மருத்துவச்சியர், பட்டம் பெற்ற தாதியர் என மூன்று நிலைகள் வேண்டும் என்றது.

இதன் உட்கருத்தை வியாபாரிகளாகிய நாம் எளிதில் உணரலாம். பெரிய கட்டிடம் கட்டிப் பெயர்ப் பலகை மாட்டிவிட்டால் கடை நடந்துவிடாது. நிறுவை தெரிந்தவன், கணக்குத் தெரிந்தவன், வாடிக்கையாளரின் முகம் தெரிந்தவன் கடையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் அப்படியே. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இரவு முழுவதும் நோயாளியின் அருகே இருப்பவள் தாதி. அபாயத்தை முதலில் காண்பவளும் அவளே.

உலக சபைகளில்

கட்டிலருகே கற்ற பாடத்தை முதலியார் உலக சபைகளுக்கும் எடுத்துச் சென்றார். உலக சுகாதார ஸ்தாபனம் 1948ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் நிர்வாக சபைக்கு 1949ஆம் ஆண்டிலேயே அவர் தலைவரானார். 1961ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனத்தின் பதினான்காவது மகாசபை புதுடில்லியில் கூடியபோது அதற்கும் தலைமை வகித்தார். கல்விக்கும் விஞ்ஞானத்துக்கும் பண்பாட்டுக்குமான யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் நிர்வாக சபைக்கு 1954 முதல் 1956 வரை தலைவராயிருந்தார். உடல் நலத்துக்கான உலக சபை, அறிவு வளர்ச்சிக்கான உலக சபை ஆகிய இரண்டின் நிர்வாகத்துக்கும் ஒரே தமிழர் தலைமை வகித்தார் என்பது நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க செய்தி.

இந்தியாவின் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை ஆராய 1952ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட குழுவுக்கும் அவரே தலைவர். 1953ஆம் ஆண்டில் வந்த அதன் அறிக்கை, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கலாகாது. தொழில், விவசாயம், வாணிபம், மனையியல் ஆகிய பல துறைகளும் பள்ளியிலேயே இடம் பெற வேண்டும் என்று சொல்லிற்று. கைத் தொழிலைத் தாழ்வாக நினைக்கும் படிப்பு அரைப் படிப்பு என்பதே அதன் சாரம். கையைத் தொழிலாக உடையவர் எழுதிய அறிக்கையில் இது இல்லாமற் போகுமா?

நம் கல்லூரிகள்

அவர் துணைவேந்தராக இருந்த காலத்திலேதான் தமிழ்நாட்டில் நம் சமூகத்தார் முயற்சியால் கல்லூரிகள் பல தோன்றின. 1951ஆம் ஆண்டில் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும், சென்னை ராயப்பேட்டையில் நியூ காலேஜும் தொடங்கின. 1955ஆம் ஆண்டில் ஜஸ்டிஸ் பஷீர் அகமது சயீத் அவர்களின் பெருமுயற்சியால் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரி தோன்றியது. 1956ஆம் ஆண்டில் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. இவை யாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப் பெற்றவை.

இணைப்பு என்பது காகிதத்தில் கையெழுத்திடும் காரியமன்று. புத்தகசாலை உண்டா, பரிசோதனைக் கூடம் உண்டா, தகுதி பெற்ற ஆசிரியர்கள் உண்டா, நிதி இருப்பு உண்டா என்று பல்கலைக்கழகம் ஆள் அனுப்பிப் பார்க்கும். நம்மவர் தோல் வியாபாரத்திலும் மளிகையிலும் சம்பாதித்த பொருள் அவ்வாறு சோதிக்கப்பட்டுக் கல்லாகவும் எழுத்தாகவும் மாறியது. மலாயாவிலிருந்து ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பிய வியாபாரக் குடும்பங்களுக்கு இக் கல்லூரிகள் புதியவை அல்ல. ஜமால் முகம்மது கல்லூரிக்கு வித்திட்ட ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகர்களே என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம்.

ஆளைக் கண்டு பிடித்தல்

தோல் வியாபாரம் என்றதும் இன்னொரு செய்தி ஞாபகம் வருகிறது. 1952ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை நிறுவ எண்ணிய முதலியார், பேராசிரியராக வரும்படி சர் சி.வி. ராமனையே அழைத்தார். ராமன் தாம் வர இயலாமல், தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைச் சிபாரிசு செய்தார். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுகூட முழுதாக நிரம்பவில்லை. வயதைப் பார்த்துத் தயங்காமல் துறையின் தலைமையை அந்த இளைஞரிடம் ஒப்படைத்தது பல்கலைக்கழகம். இரண்டு ஆண்டுகளில், 1954ஆம் ஆண்டில், கொலாஜன் என்னும் பொருளின் அமைப்பு மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு அறிவித்தனர். மாட்டுத் தோலுக்கும் ஆட்டுத் தோலுக்கும் வலுவைத் தருவது அந்தக் கொலாஜனே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம்மவர் தலைமுறையாகப் பதனிட்டு விற்ற பொருளின் இரகசியம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது.

முதலியார் பௌதிகம் அறிந்தவரல்லர். ஆனால் ஆளை அறியத் தெரிந்தவர். முதலாளிக்கு எல்லாத் தொழிலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவனைக் கண்டுபிடித்து, அவன் கையைக் கட்டாமல் விடத் தெரிந்தால் போதும். 1969இல் முதலியார் பதவி விட்டு நீங்கியபின் சில காலத்துக்குள் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்றார் என்பது அந்த ஆதரவின் அருமையைக் காட்டும்.

இங்கே ஒரு சந்தேகமும் எழுவது நியாயமே. ஒரே மனிதர் 27 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருப்பது ஒரு ஸ்தாபனத்துக்கு நல்லதுதானா? அடுத்தவர் வளர இடமிருக்குமா? நல்ல முதலாளி போனதும் கடை தள்ளாடுகிறது என்றால், அவர் தம்மையன்றிக் கடையை வளர்க்கவில்லையோ என்று கேட்கத்தானே செய்வோம்? சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நடத்திவரும் நமக்கு இக் கேள்வி அன்னியமானதன்று. பெரியோரைப் போற்றும்போதும் இதை ஒளிக்க வேண்டியதில்லை. அவர் கற்பித்துவிட்ட மாணவர்களும், இணைத்துவிட்ட கல்லூரிகளும் அவருக்குப் பின்னும் நிலைத்தன என்பதே இதற்கு நாம் சொல்லக்கூடிய பதில்.

நிறைவு

1945ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்குச் சர் பட்டம் அளித்தது. சுதந்திர இந்தியா 1954இல் பத்ம பூஷண் விருதும் 1963இல் பத்ம விபூஷண் விருதும் வழங்கியது. எண்பத்திரண்டாம் வயதை எட்டும் நிலையிலே பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் கல்வியாளர் நெ.து. சுந்தரவடிவேலு துணைவேந்தரானார். 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி லட்சுமணசாமி முதலியார் காலமானார். அவரோடு பிறந்த ராமசாமி மேலும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். சென்னைத் தரமணியில் உள்ள அடிப்படை மருத்துவ விஞ்ஞான உயர் கல்வி நிலையம் இன்றும் டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் மலாக்காவும் மாறிவிட்டது. கித்தா மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயத்திலே பிரசவம் என்பது பாட்டிமார் சொல்லும் பழங்கதையாயிற்று. டுரியான் துங்கலில் பல்கலைக்கழகமே இருக்கிறது. மலாக்கா நகரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பு படிக்க வழியில்லை என்று சொல்ல முடிந்தது. இன்று அதைச் சொல்ல முடியாது. இன்று தடையாக நிற்பது பெரும்பாலும் நம் தயக்கமே.

ஆதலின், மகள் தாதியாக விரும்புகிறாள் என்றால், கல்லாவில் அமர்ந்து யோசிக்கும் தகப்பனார் இந்த வாழ்க்கையை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிறர் தாழ்வாக எண்ணிய துறையை ஒருவர் தேர்ந்தார். அதை ஒழுங்காகக் கற்றார்; பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாதை அவரைப் பல்கலைக்கழகத்தின் உச்சிக்கும் உலக சபைகளின் தலைமைக்கும் கொண்டு சென்றது. எல்லாப் பிள்ளைகளும் அவ்வளவு உயரம் போவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நள்ளிரவில் யாரோ ஒரு தாய் உயிர் தப்பிக் கண் விழிக்கும்போது, அவள் அருகே நம் வீட்டுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தால், அதுவே பெரிய பதவி. நம் முன்னோர் கணக்குப் புத்தகத்தில் கோடிட்டு அடித்த பழைய கடன்களில் ஒன்றையாவது அவள் தீர்த்து வைத்தவளாவாள்.